மலைத்தோட்டத்தில் சாந்து இல்லாமல் கல்சுவர் கட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சரிவான நிலத்தில் வீடு வாங்கியவர்கள் முதலில் விசாரிப்பது பூச்செடிகளைப் பற்றித்தான். மண்ணைப் பற்றி விசாரிப்பது இரண்டாவது மழைக்காலத்துக்குப் பிறகு. அதற்குள் ரோஜாப் பாத்தி பாதி தூரம் இறங்கி வந்திருக்கும்.

நீலகிரி, பழனி மலை, ஏற்காடு போன்ற இடங்களில் வீட்டுத் தோட்டத்தைப் படிப்படியாகச் சமன்படுத்தி, ஒவ்வொரு படியையும் 3 அடி உயரத்துக்குள் கல்லடுக்கித் தாங்கவைக்கும் வேலைக்கான வழிகாட்டி இது. சிமெண்ட் கிடையாது. சுவரைத் தள்ளிச் சாய்ப்பது மண்ணைவிட, மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர்தான். சாந்து பூசாத கல்சுவரில் ஒவ்வோர் இடுக்கும் வடிகால். கசிவுத்துளை விடாத சிமெண்ட் சுவர் அந்தத் தண்ணீரைப் பின்னால் தேக்கிவைத்து, ஒரு நாள் வயிறு தள்ளி நிற்கும்.

புதிதாகக் கட்டுபவர்கள் கல் தூக்குவதில் தோற்பதை நான் பார்த்ததில்லை. வரிசை மாற்றிச் செய்வதில்தான் தோற்கிறார்கள். ஆகவே எண்ணிட்ட வரிசையிலேயே போங்கள்.

1. உயரத்தை முடிவு செய்யுங்கள்

தரைக்கு மேல் 3 அடி. முதல் சுவருக்கு அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். உயரம் இரட்டித்தால் மண்ணின் தள்ளுவிசை இரட்டிப்பதோடு நிற்காது, ஏறத்தாழ நான்கு மடங்காகும். 6 அடி ஏற வேண்டிய சரிவு என்றால், இடையில் அகலமான தளம் விட்டு இரண்டு சுவர்களாகப் பிரியுங்கள். இரண்டையும் ஒட்டிவைத்தால் மேல்சுவரின் பாரம் கீழ்ச்சுவரின் மேல் இறங்கும். தளத்தின் அகலம் குறைந்தது 6 அடி இருக்கட்டும்.

வீட்டின் அஸ்திவாரம், வாகனம் நிற்கும் இடம், பொதுப்பாதை ஆகியவற்றுக்கு அருகில் வரும் சுவர் உங்கள் வேலையல்ல. பொறியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

அனுமதி விஷயமும் இப்போதே முடிய வேண்டும். உங்கள் கிராமம் ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருகிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மண் வெட்டும் இயந்திரத்தை இறக்க முன் அனுமதி வேண்டும். கைவேலையாக, சிறிது சிறிதாக வெட்டினால் நிலமும் கலையாது.

2. ஒரு மழைக்காலத்தில் தண்ணீரைப் பாருங்கள்

குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் நிற்காதவர் சுவர் கட்டத் தொடங்கக் கூடாது என்பது என் கட்சி. எந்த இடத்தில் தண்ணீர் ஓடுகிறது, எங்கே மண்ணுக்குள்ளிருந்து ஊறி வருகிறது, மேல்வீட்டுக் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்ற மூன்றையும் குச்சி நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் ஊற்று இருந்த அடையாளமே தெரியாது. அந்த இடத்தில் மட்டும் பசுமை விடாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. அப்படியொரு நாளை எந்தத் தோட்டச் சுவரும் தனியாகச் சமாளிக்காது. மேலிருந்து வரும் ஓட்டம் சுவரைத் தொடாமலே போய்விட வழி வேண்டும்.

அதற்காக, சுவர் வரப்போகும் இடத்துக்கு மேலே சில அடி தள்ளி, சரிவுக்குக் குறுக்கே 1 அடி அகலத்தில் ஒரு வாய்க்கால் எடுங்கள். நூறு அடிக்கு ஓர் அடி இறங்கும்படி மென்மையான வாட்டம் போதும். வேகமாக ஓடும் தண்ணீர் வாய்க்காலையே அரித்துவிடும். கல்லில் கை வைக்கும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். பிறகு செய்யலாம் என்று விட்டவர்கள் அரைகுறைச் சுவரின் பின்னால் சேற்றை அள்ளிக்கொண்டிருப்பார்கள்.

கட்டும் வேலைக்கு ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். மண் வெட்டிய இடத்தைத் திறந்தபடி போட்டுவிட்டு மழைக்குள் போகக் கூடாது.

3. கல்: எவ்வளவு, எந்த வகை

30 அடி நீளம், 3 அடி உயரம் உள்ள சுவருக்கு, மண்ணுக்குள் போகும் அடிவரிசையையும் சேர்த்து ஏறத்தாழ 2 யூனிட் கல் சுவராகவே உட்காரும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரியில் வரும் குவியலில் காற்றிடம் அதிகம், பயன்படாத கல்லும் இருக்கும். இரண்டரை யூனிட் சொல்லுங்கள். பின்புற வடிகாலுக்கு 40 மில்லிமீட்டர் ஜல்லி 1 யூனிட். ஜல்லிக்குப் பதிலாக கிரஷர் தூள் அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள், அது தண்ணீரை விடாது.

இந்த மலைகளில் பெரும்பாலும் கிடைப்பது சார்னோகைட் என்னும் கருஞ்சாம்பல் பாறை. மிகக் கடினமானது. பலகை பலகையாகப் பிளக்காமல் கோணல் மாணலாக உடையும். ஆகவே, இங்கே கட்டுபவருக்குக் கல்லைச் செதுக்கும் திறமையைவிடப் பொருத்தமான கல்லைத் தேடும் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'கிண்' என்று ஒலித்தால் நல்ல கல். 'மொத்' என்றால் உள்ளே இற்றுப்போனது, ஒதுக்கிவிடுங்கள். தோட்டத்திலேயே கிடக்கும் உருண்டைக் கற்கள் இலவசம்தான், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று பிடிமானம் இல்லாமல் வழுக்கும். அவற்றைப் பிளந்து பயன்படுத்தலாம், முழுதாக வைக்கக் கூடாது. ஓடையிலிருந்தும் காட்டிலிருந்தும் கல் எடுக்காதீர்கள். சட்டப்படி தவறு என்பதோடு, ஓடைக்கல்லை எடுத்தால் கரை அரித்து உங்கள் நிலத்துக்கே வந்து சேரும்.

லாரி வந்ததும் சுவர்க்கோட்டின் மேல்பக்கம் கல்லைக் கொட்டச் சொல்வார்கள், இறக்குவது சுலபம் என்று. வெட்டப்போகும் விளிம்பின் தலையில் பல டன் பாரம் ஏற்றுகிற காரியம் அது. கீழ்ப்பக்கத்தில், சுவரிலிருந்து 4 அடி தள்ளிக் கொட்டுங்கள். நீங்கள் நின்று வேலை செய்ய அந்த 4 அடி தேவை.

4. கருவிகள்

கடப்பாரை, மண்வெட்டி, 2 கிலோ சுத்தியல், ஒரு சம்மட்டி, அகலமான உளி, நூல், மட்டப்பலகை, மண்ணை அடித்து இறுக்கும் திமிசு. தடிமனான தோல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சார்னோகைட் சில்லு கண்ணுக்கு நேராகத் தெறிக்கும்.

காலையில் கல்குவியலில் நேரடியாகக் கை விடாதீர்கள். கடப்பாரையால் புரட்டிவிட்டு எடுங்கள். தேளும் குழிவிரியனும் இரவு தங்குவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை.

5. கல்லைப் பிரித்து வையுங்கள்

எல்லோரும் தவிர்க்கும் படி இது. அரை நாள் போகும், திரும்பி வரும்போது பல நாட்களாக வரும்.

பெரிய கல், கோணல் இருந்தாலும் பரவாயில்லை: அடிவரிசைக்கு. சுவரின் தடிமனைத் தாண்டும் நீளக்கல்: பிணைப்புக்கு. இரண்டு பக்கம் செங்கோணமாக உள்ளவை: சுவர் முடியும் இடங்களுக்கு. தட்டையாக, அகலமாக, கனமாக இருப்பவை: உச்சியில் வைக்கும் தலைக்கல்லுக்கு. மிச்சம் எல்லாம் இடைவரிசை. உடைந்த சில்லுகளைத் தனிக் குவியலாகச் சேருங்கள், அவை குப்பை அல்ல.

தலைக்கல்லையும் பிணைப்புக்கல்லையும் முதல் நாளே எண்ணிப் பத்திரப்படுத்துங்கள். பிரிக்காமல் தொடங்கியவர் அழகான தட்டைக்கல்லையெல்லாம் முதல் வரிசையிலேயே செலவழித்துவிட்டு, உச்சிக்கு வரும்போது கையில் உருண்டைகளோடு நிற்பார்.

6. மண்ணை வெட்டுங்கள், வானம் எடுங்கள்

முழு 30 அடியையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். 8 முதல் 10 அடி வெட்டி, அதைக் கட்டி முடித்து, அடுத்ததற்குப் போங்கள். வெட்டிய மண்முகம் செங்குத்தாக நிற்பதை நம்பாமல் கொஞ்சம் பின்னோக்கிச் சாய்த்து வெட்டுங்கள். அடியைக் குடைந்து மேலே மண் தொங்கவிடுவது உயிருக்கு ஆபத்து.

மேல்மண்ணைத் தனியாகக் குவியுங்கள். கறுத்த, மக்கு நிறைந்த மண் அது. கடைசியில் செடிக்கு வேண்டும், சுவருக்குப் பின்னால் போடக் கூடாது.

வானம் என்பது சுவர் உட்காரும் அஸ்திவாரப் பள்ளம். அதன் அகலம் 2 அடி. ஆழம் 8 அங்குலம் என்பது தொடக்கம்தான், வேரும் மக்கும் இல்லாத கெட்டி மண் வரும்வரை போக வேண்டும். அடிப்பரப்பு மலையை நோக்கிச் சற்றே தாழ்ந்திருக்கட்டும், அடிக்கு 1 அங்குலம் அளவு. சுவர் எப்போதும் மலைக்குள் சாய்ந்து உட்கார விரும்ப வேண்டும்.

சுவரின் நீளவாக்கில் தரை இறங்கினால் வானத்தைப் படிக்கட்டாக வெட்டுங்கள், ஒவ்வொரு படியும் மட்டமாக. தரையின் சரிவைப் பின்பற்றிக் கல்வரிசையும் சரிந்தால், எல்லாக் கல்லும் சேர்ந்து தாழ்ந்த பக்கம் நகரப் பார்க்கும். தூரத்திலிருந்து பார்க்கத் தரையோடு இசைந்து அழகாகத்தான் இருக்கும். ஏமாறாதீர்கள்.

7. வாட்டச் சட்டமும் நூலும்

சுவரின் முகம் செங்குத்தாக நிற்காது. ஓர் அடி உயரத்துக்கு 2 அங்குலம் பின்வாங்க வேண்டும். 3 அடியில் 6 அங்குலம். இந்த வாட்டத்துக்கு இரண்டு மரச்சட்டங்களைச் செய்து இரு முனையிலும் நட்டு, இடையே நூல் கட்டுங்கள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் நூலை உயர்த்துங்கள்.

கண் அளவில் போகலாம் என்று நினைப்பவருக்கு ஒரு தகவல்: கண், நிமிர்ந்து நிற்பதையே நேர் என்று நினைக்கும். நூல் இல்லாமல் கட்டிய சுவர்கள் மேலே போகப் போக முன்னால் வரும்.

8. அடிவரிசை

வானத்தில் சிமெண்டும் மணலும் வேண்டாம். இருப்பவற்றில் பெரிய கற்களை, நீளவாட்டம் மலைக்குள் போகும்படி வையுங்கள். கல் ஆடினால் அதன் கீழ் மண்ணைச் சுரண்டிக் குழித்து உட்காரவையுங்கள், மண்ணைப் போட்டு உயர்த்தாதீர்கள். போட்ட மண் மழையில் இறங்கும். இந்த வரிசையில் மேல்பரப்பு மட்டமாக வருவதே முக்கியம், முகம் பாதி மண்ணுக்குள் மறைந்துவிடும்.

25 கிலோவுக்கு மேல் கனமான கல்லைத் தனியாகத் தூக்காதீர்கள். உருட்டுங்கள், அல்லது பலகையில் ஏற்றி நெம்புங்கள்.

9. இடைவரிசைகள்

சுவரின் ஆயுள் தீர்மானமாவது இங்கே. விதிகள் குறைவு, விலக்கு கிடையாது.

கல்லின் முகம் சிறியதாகவும் வால் நீளமாகவும் இருக்க வேண்டும். அதாவது, வெளியே தெரிவது கல்லின் குறுகிய பக்கம். அழகான அகன்ற முகத்தை வெளியே காட்டிக் கல்லை நிறுத்திவைத்தால் ஒரே கல்லில் ஓர் அடி உயரம் ஏறிவிடும், வேலை மளமளவென்று முடிந்ததுபோல் இருக்கும். பின்னால் பிடிப்பு நான்கு அங்குலம்கூட இருக்காது. முதல் மழையில் வெளியே வந்து விழுவது அந்தக் கல்தான். நான் பார்த்த புதியவர்களில் பெரும்பாலோர் இந்த ஆசையில் விழுந்தார்கள்.

கீழே உள்ள இரண்டு கற்களின் இடுக்கின் மேல் ஒரு கல் உட்கார வேண்டும். இரண்டு வரிசைகளின் இடுக்குகள் நேர்க்கோட்டில் வந்தால் அங்கே சுவர் இரண்டு சுவராகப் பிரிந்துவிட்டது என்று பொருள். மூன்று வரிசை ஓடினால் பிரித்துக் கட்டுங்கள்.

ஒரு கல்லை வைக்கும் முறையைக் கிட்டத்தில் பார்ப்போம். கல்லை எடுக்கும் முன் இடத்தைப் பாருங்கள்: எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், அடிப்பரப்பு எந்தப் பக்கம் சாய்கிறது. அந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டு குவியலுக்குப் போங்கள். கொண்டுவந்த கல்லை வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் மேலே மூலைக்கு மூலை அழுத்துங்கள். 'கடக்' என்று ஆடினால் எடுக்க வேண்டாம். முதலில் திருப்புங்கள், பிறகு கவிழ்த்துப் பாருங்கள். ஒரு கல் பெரும்பாலும் ஏதாவது ஒரு நிலையில் மூன்று புள்ளிகளில் உட்காரும். மிச்சமிருக்கும் சிறு ஆட்டத்துக்குப் பின்புறத்திலிருந்து ஆப்பு வடிவச் சில்லு ஒன்றைச் செருகிச் சுத்தியலால் இரண்டு தட்டு. மீண்டும் அழுத்துங்கள். அசையாத கல்லின் மேல் ஏறி நிற்கலாம், நின்று பாருங்கள்.

ஆப்பு பின்புறத்திலிருந்துதான். முன்புறமிருந்து செருகிய சில்லு, வெயிலிலும் மழையிலும் கல் விரிந்து சுருங்கும்போது வெளியே நழுவி விழும். விழுந்ததும் மேலே உள்ள கல் முன்னால் குனியும்.

எடுத்த கல் பொருந்தவில்லை என்றால் இரண்டாவது, மூன்றாவது இடம் பாருங்கள். எங்கும் இடமில்லை என்றால் கீழே வைத்துவிட்டு வேறு எடுங்கள். கையில் எடுத்துவிட்டோம் என்பதற்காக ஒரு கல்லோடு மல்லுக்கட்டுவது வீண்.

10. முதுகை உடனுக்குடன் நிரப்புங்கள்

முகம் முழுவதையும் எழுப்பிவிட்டுப் பின்னால் மண்ணைத் தள்ளி நிரப்புவது பரவலான தவறு. பத்தில் ஒன்பது சரிவுக்கு இதுவே காரணம் என்று நான் சொல்வேன்.

ஒரு வரிசை வைத்ததும் மூன்று காரியம் முடிய வேண்டும். முதலாவது, முகக்கற்களின் வாலுக்கு இடையிலும் பின்னாலும் சில்லுகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பொருத்துவது. அள்ளிக் கொட்டக் கூடாது. கொட்டிய சில்லு பின்னாளில் இறங்கி, கற்களை ஆப்புப்போலப் பிளந்து வெளியே தள்ளும். இரண்டாவது, அதற்குப் பின்னால் 1 அடி தடிமனுக்கு ஜல்லி. மூன்றாவது, ஜல்லிக்கும் மலைக்கும் இடையே மீதமுள்ள குழியில் அடிமண்ணை 6 அங்குலப் படையாகப் போட்டுத் திமிசால் இறுக்குவது. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் ஜியோடெக்ஸ்டைல் எனப்படும் வடிகட்டித் துணி விரித்தால் சேறு ஜல்லிக்குள் புகுந்து அடைக்காது. பழைய சாக்கு அதற்கு உதவாது, மக்கிவிடும்.

ஊற்று இருந்த இடத்தில் ஜல்லியின் அடியில் துளையிட்ட 4 அங்குல பிவிசி குழாய் ஒன்றை வாட்டத்தோடு பதித்து, அதன் வாயைச் சுவருக்கு வெளியே திறந்துவிடுங்கள். வாய் எங்கே திறக்கிறது என்று யோசிக்காமல் குழாய் பதிப்பவர்களும் உண்டு.

11. பிணைப்புக்கல்

ஒன்றரை அடி உயரத்தில் நிறுத்துங்கள். 3 அடிக்கு ஒன்றாக, முகத்திலிருந்து முதுகைத் தாண்டி ஜல்லிக்குள் போகும் நீளக்கல்லை வையுங்கள். முகத்தையும் முதுகையும் ஒன்றாக இழுத்துப் பிடிப்பது இதுதான். 30 அடிக்குப் பத்துக் கல். கிடைக்கவில்லை என்றால் இரண்டு நீளக்கற்களை, ஒன்று முகத்திலிருந்தும் மற்றது முதுகிலிருந்தும், பக்கம் பக்கமாக ஒன்றையொன்று தாண்டிப் போகும்படி வைத்துச் சமாளிக்கலாம்.

12. முனைகளும் தலைக்கல்லும்

சுவர் திறந்தவெளியில் சட்டென்று முடியக் கூடாது. கடைசி 3 அடியை மலைக்குள் வளைத்துப் புதையுங்கள். அப்படி விடாவிட்டால் தண்ணீர் முனையைச் சுற்றிக்கொண்டு பின்னால் நுழையும். படிக்கட்டுக்காக முடிக்க வேண்டிய இடத்தில், ஒதுக்கிவைத்த செங்கோணக் கற்களை ஒரு வரிசை நீளவாட்டம், அடுத்தது குறுக்குவாட்டம் என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள்.

உச்சியில் தலைக்கற்கள். கனமே முக்கியம். சிறிய தட்டைக்கற்களைப் பரப்பினால் குழந்தைகள் ஏறி உட்கார்ந்தாலே நழுவும், காட்டெருமையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குன்னூரிலும் கொடைக்கானலிலும் அவை தோட்டத்துக்குள் வருவது அன்றாடம். அவற்றின் வழக்கமான தடம் சுவரைக் கடக்குமானால் அந்த இடத்தில் அகலமான சரிவுப்பாதையை நீங்களே விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பாதையை அவை உண்டாக்கிக்கொள்ளும்.

13. மேல்மண்ணும் செடிகளும்

ஜல்லியின் தலையில் துணியை மடித்து மூடி, ஒதுக்கிவைத்த மேல்மண்ணை 6 முதல் 8 அங்குலம் போடுங்கள். மண்மட்டம் தலைக்கல்லைவிடச் சற்றுத் தாழ்ந்தே இருக்கட்டும்.

இடுக்கில் வளரும் பெரணி, எச்செவேரியா போன்றவற்றைக் கட்டும்போதே வேரோடு, கொஞ்சம் மண்ணோடு வைத்துவிட வேண்டும். முடிந்த பிறகு திணித்தால் வேர் பின்மண்ணைத் தொடாமல் காய்ந்துவிடும். சுவரின் மேல்விளிம்புக்குப் பின்னால் வெட்டிவேர் நல்ல காவல், உறைபனி விழும் உயரங்களில் மெதுவாகத்தான் பிடிக்கும். சில்வர் ஓக், யூகலிப்டஸ் எதுவும் சுவருக்கு 15 அடிக்குள் வேண்டாம். தாழ்ந்த மலைகளில் பறவைகள் போடும் ஆல், அரச விதை இடுக்கில் முளைத்தால் இரண்டு இலையாக இருக்கும்போதே பிடுங்குங்கள். கட்டைவிரல் தடிமனான பிறகு அதைச் சுவரோடுதான் பிடுங்க முடியும்.

14. முதல் மழைக்குப் பிறகு

சுவரின் அடியில் தெளிந்த தண்ணீர் கசிந்தால் எல்லாம் சரி. கலங்கலாக வந்தால் பின்மண் கரைந்து வெளியேறுகிறது, அந்த இடத்தில் ஜல்லியோ துணியோ விடுபட்டிருக்கிறது. தலைக்கல்லின் மேலாகத் தண்ணீர் வழிந்தால் மேல்வாய்க்கால் அடைத்திருக்கிறது, முதலில் அதைத் தூர்வாருங்கள்.

அடுத்து வாட்டச் சட்டத்தை எடுத்து முகத்தோடு வைத்துப் பாருங்கள். புதுச் சுவர் முதல் ஆண்டில் கொஞ்சம் இறங்குவது இயல்பு. நடுவில் முன்னால் வீங்கியிருந்தால் காத்திருக்காதீர்கள், வெளியே இருந்து அடித்து உள்ளே தள்ளவும் முயலாதீர்கள். மழை விட்டதும், வீங்கிய பகுதியின் இருபக்கமும் 2 அடி கூடுதலாகச் சேர்த்து, மேலிருந்து படியாகப் பிரியுங்கள். பிரித்த கற்களை வரிசை மாறாமல் தரையில் பரப்பி, சாக்கட்டியால் எண் போட்டுவையுங்கள். பின்மண்ணையும் ஜல்லியையும் புதிதாக இறுக்கிக்கொண்டு, அதே கற்களால் ஒன்பதாம் படியிலிருந்து மீண்டும் கட்டுங்கள்.